நாக்கை எங்கே வைக்க

போனில் ஸ்பீக்கர் போய் இரண்டு மாதம்.
எம்.சி. ரோடு கடைக்காரன் எழுநூறு கேட்டான்.
அதனால் சத்தம் இல்லாமலே பார்க்கிறேன்
அந்த வெள்ளைக்காரியின் வாயை.
திரை முழுக்க வாய்தான்,
மூக்குக்கு மேலே ஆள் கிடையாது.
மூலையில் வி என்று எழுதியிருக்கிறது.
கீழுதட்டின்மேல் மேல்பல் வந்து உட்காருகிறது.
ஊதுகிறாள் போல.
நானும் ஊதுகிறேன்.

என் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.
விக்டோரியா.
இருபத்தொன்பது வருஷமாகப் பல் படாமல்
சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வாய் பார்ப்பது எனக்குப் புதிதில்லை.
கொருக்குப்பேட்டை எண்ணெய் மில்லில்
எக்ஸ்பெல்லர் ஓடும்போது காதுக்கு வேலை இல்லை.
சுலைகாவின் உதட்டைப் பார்த்தே
சூப்பர்வைசர் பின்னால் வருவது தெரியும்,
அவள் நாத்தனார் கோபித்துக்கொண்டு போனது தெரியும்.
ப-வும் ம-வும்தான் ஒரே மாதிரி மூடித் தொலைக்கும்.
பாப்பா வந்துகீது என்றாள் ஒருநாள்.
மாமா என்று படித்துக்கொண்டு
தலையைச் சரிசெய்தபடி கேட் வரை ஓடினேன்.

டபிள்யூவுக்குப் பல் படக்கூடாது,
உதட்டைக் குவிக்கவேண்டும்.
விம்கோ நகரில் ஏறி
வ.உ.சி. நகர் வரும்வரை
குவித்துக் குவித்துப் பார்த்தேன்.
எதிர் சீட்டுப் பெரியவர்
டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு
அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.
மறுநாளிலிருந்து மாஸ்க்.
கொரோனா காலத்து நீல மாஸ்க்.
உள்ளே பள்ளிக்கூடம் நடக்கிறது,
வெளியே தூங்குமூஞ்சி.

அடுத்த பாடத்தில்
நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டச் சொல்கிறாள்.
எங்கள் தெருவில் நாக்கு வெளியே வந்தால்
ஒன்று சாமி வந்திருக்கவேண்டும்,
இல்லை சண்டை வரப்போகிறது.

நாக்கோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு.
ஏழாம் வகுப்பில்
வாயப்பயம் என்றதற்கு
மடக்கு, மடக்கு என்று
ஸ்கேல் நுனியால் என் கன்னத்தைத் தட்டினார் தமிழம்மா.
நாற்பத்திரண்டு பேர் சிரித்தார்கள்.
இன்றைக்கும் கடையில்
அரை டஜன் ரஸ்தாளி என்றுதான் கேட்பேன்.
பழம் என்று சொல்வதில்லை.

வியாழக்கிழமை இண்டர்வியூ.
தம்புச்செட்டித் தெருவில் கப்பல் கம்பெனி,
போன் எடுக்கிற வேலை.
வெசல் என்றும் வெயிட் என்றும்
நாளைக்கு நூறு தரம் சொல்லவேண்டும்,
ஒன்றில் பல்லோடு, ஒன்றில் பல்லில்லாமல்.

கடைசியில் எழுநூறையும் கொடுத்தேன்.
ஸ்பீக்கர் வந்தது.
முதல்முறையாக அவள் குரலைக் கேட்டேன்,
நினைத்ததைவிடக் கட்டை.
கேட்டதும் வயிற்றைக் கலக்கியது.
வி-க்குத் தொண்டை அதிரவேண்டுமாம்.
நான் இரண்டு மாதமாக ஊதியது எஃப்.
ரயிலில், பாத்ரூமில், மாஸ்க்குக்குள்ளே
ஃபிக்டோரியா, ஃபிக்டோரியா.
இங்கிலீஷிலும் பாப்பாவும் மாமாவும் உண்டு.
வாய் எல்லாவற்றையும் காட்டிக்கொடுப்பதில்லை.

நேற்று எக்ஸ்பெல்லர் முழு வேகத்தில்.
அந்தப் பக்கத்திலிருந்து சுலைகா
வழியில் கிடந்த டின்னைக் காட்டிக் கேட்டாள்:
இது இன்னாத்துக்கு இங்க கீது?

இது-வில் ஒரு தரம்,
கீது-வில் ஒரு தரம்.
அவள் நாக்கு மேல்பல்லண்டை எட்டிப்பார்த்து
காற்றைக் கொஞ்சம் கசியவிட்டு
உள்ளே போனது.
வெள்ளைக்காரியின் திஸ்ஸில் பார்த்த அதே நாக்கு,
ஒரு நூல் முன்னே பின்னே இருக்கலாம்.

திரும்பச் சொல்லு என்றேன், உதட்டால்.
கீது.
இன்னொரு தரம்.
இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.
மெட்ராஸ் பாஷை என்று சிரித்தவர்களை
அவளும் நிறையப் பார்த்தவள்.
இன்னா, நக்கலா? என்றது உதடு.

இல்லை என்று சொல்வதற்குள்
கடலை மூட்டை வந்துவிட்டது.
டின் மூடியில் என் வாய்
கோணலாகத் தெரிந்தது.
கழுத்தில் கை வைத்தேன்.
மில்லே அதிர்ந்துகொண்டிருந்ததால்
அதிர்வது நானா, தரையா,
கண்டுபிடிக்க முடியவில்லை.
கீது என்றேன்.
கீது.